உயிர் எடை

தையல்காரிக்குக் கோழிக்கு விலை வைக்கத் தெரியவில்லை. சட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, பொத்தான் இவ்வளவு, கூலி இவ்வளவு. அவளிடம் பேரம் பேச வாயைக் கொடுத்து மீண்டவர் தெருவில் ஒருவரும் இல்லை. அப்பேர்ப்பட்டவள் அன்று காலை, கொல்லைப்புற ஷெட்டில், மடியில் ஒரு கறிக்கோழியை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

ஷெட் கொழுந்தனுடையது. ஆள் மெக்கானிக். தெருவுக்கே அவன் 'ஸ்பானர்'தான். வாயும் அப்படித்தான், யாரையாவது திருகாமல் விடாது. புது வேன் வெயிலில் காய்கிறதே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"அண்ணி, கோழி வளர்க்க முதல் தடவைன்னு ஷெட்ட விட்டுக்குடுத்தேன். இன்னைக்கு ஹோட்டல்காரர் வர்றாரு. லாபம்னு நாலு காசு பாத்தீங்கன்னா ஷெட் உங்களுக்கு. கையைக் கடிச்சுதுன்னா சாயங்காலமே வண்டிய உள்ள விட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சொல்லிட்டீங்கல்ல? போய் டீயக் குடிங்க தம்பி."

வாய்தான் அப்படிப் பேசியது. ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் அவள் கண் ஒத்துழைப்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடம்கூட. தையல் நின்றுபோனால் கோழிதான் கை கொடுக்கும் என்று நம்பித்தான் இதில் இறங்கினாள். ஷெட் போனால் அதுவும் போச்சு.

உயிரோடு நிறுத்து விற்பதற்கு வியாபாரத்தில் 'உயிர் எடை' என்று பெயர். சரி, நிறுப்போம் என்று கோழியை எண் காட்டும் தராசில் வைத்தாள். அது நிற்பேனா என்றது. லைனிங் துணியில் மீந்த துண்டு ஒன்றைத் தலையோடு போர்த்தினாள். இருட்டியதும் பொசுக்கென்று அடங்கிவிட்டது. எண்ணும் நின்றது, கடைசி இலக்கத்தைத் தவிர. அது மட்டும் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தராசு பழுதோ என்று கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தாள். ஆடாமல் அசையாமல் நின்றது. மறுபடி கோழி, மறுபடி அதே ஆட்டம். துணிமேல் கையை வைத்தாள். அடியில் குடுகுடுவென்று நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாடி!" என்றாள் வாய்விட்டு.

வரும்போது இது ஒரு நூல்கண்டு அளவுதான் இருந்தது. அவள் போட்டது தீவனம், ஊற்றியது தண்ணீர். அதை வைத்துக்கொண்டு இது நகம் செய்திருக்கிறது, கண் செய்திருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இறகு அடுக்கியிருக்கிறது. சட்டையில் கைக்குழிதான் கஷ்டம். கையைத் தூக்கினால் இழுக்கக் கூடாது, இறக்கினால் சுருங்கக் கூடாது. எத்தனை சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள்! இறக்கையை விரித்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மூட்டுத்தையல் இல்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யார் அளவெடுத்தார்கள் இதற்கு? யார் வெட்டினார்கள்?

அந்தப் பிரமிப்போடேயே கணக்குப் போட்டு, தையல் சாக்குக்கட்டியால் தகரக் கதவில் செலவுக் கணக்கையும் கிலோ விலையையும் எழுதினாள். டீ குடித்துவிட்டு வந்த ஸ்பானர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"குஞ்சு விலை இருக்கு, தீவனம் இருக்கு, கரண்ட், மருந்து எல்லாம் இருக்கு. உங்க கூலி எங்க அண்ணி? இது வெறும் அசல்! சொந்தக் கொழுந்தன்கிட்டயே சட்டைக்குக் கூலி கறந்தவங்களாச்சே நீங்க?"

"நான் எங்க தச்சேன்? அதுவே தச்சுக்கிச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கூலியை மறந்த தையல்காரி! அதே நேரம் வாசலில் வண்டிச் சத்தம். ஹோட்டல்காரர் வந்துவிட்டார்.

தைத்தது அதுவேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தரையில் ஈரமாகிப்போன மரத்தூளை அள்ளிக் கொட்டியது யார்? சளி பிடித்ததைப் பிரித்து வைத்து, சொட்டுச் சொட்டாக மருந்து புகட்டியது யார்? அவள் கதவில் இருந்ததை உள்ளங்கையால் அழித்தாள். கூலியைச் சேர்த்துப் புது விலை எழுதினாள். ஸ்பானரின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹோட்டல்காரர் கதவைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "என்ன தங்கச்சி, இது கோழி விலையா, மயில் விலையா?"

"ஒண்ணைப் பிடிங்கண்ணே. பிடிச்சிட்டு அப்புறம் பேசுங்க."

அந்தப் பெரிய உடம்போடு அவர் குனிந்தார். சேவல் அவர் காலுக்கிடையில் புகுந்து ஓடியது. ஷெட்டை ஒரு சுற்று சுற்ற வைத்து, தண்ணீர் வாளியைக் கவிழ்க்க வைத்து, கடைசியில் மூலையில் மாட்டியது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"கடைக் கோழி நாலு எட்டு நடந்தா உக்காந்துக்கும். இது என்னடான்னா..." என்றபடி தொடையை அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கிப் பார்த்தார். "சரி, உங்க விலைக்கே எடுத்துக்கறேன். ஆனா எடை நியாயமா இருக்கணும்."

துணி போர்த்தித் தராசில் வைத்தாள். கடைசி எண் ஏறி இறங்கியது.

"நிக்க மாட்டேங்குதே. எதைக் கணக்குல எடுக்கிறது?"

"கையை வச்சுப் பாருங்க."

வைத்தார். ஆயுசு முழுக்கக் கோழி வெட்டிய கை அது. வைத்த கையை எடுக்க மறந்து, எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பானரும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

"கம்மியா காட்டுறதை எடுத்துக்குங்கண்ணே," என்றாள் தையல்காரி. "மிச்சம் அதோட துடிப்பு. அதுக்கு விலை வைக்க எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு கோழியையும் அப்படியே நிறுத்தார்கள். ஹோட்டல்காரர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷெட் ஓவென்று இருந்தது. அவள் லைனிங் துணியை உதறி மடித்தாள். இன்னும் கதகதப்பாக இருந்தது. ஸ்பானர் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"வண்டிய எடுங்க தம்பி," என்றாள் அவள்.

"உள்ளயா அண்ணி?"

"உள்ள எதுக்கு? குஞ்சு வாங்கப் போகணும்."