பனர் கட்டிய படம்

பிரேமிளாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது புதுக்குடியிருப்பில் பலருக்கும் தெரியும். அந்தக் கோபத்தில் அதிகம் அகப்பட்டவன் ரஜிதன். புற்றுநோயோடு போராடும் பிள்ளைகளின் வீடுகளுக்காக ஓர் உதவிச் சங்கம் நடத்துகிறவன், பாவம். வெளிநாட்டில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் அவர்கள் அனுப்பும் பணத்தில் சாமான் பொதியும், கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசும் கொடுப்பான். கொடுக்கும்போது பின்னால் பிறந்தநாள் வாழ்த்து எழுதிய பதாகை, அதாவது பனர், ஒன்றைக் கட்டிப் படம் எடுக்கவேண்டும். படம் போகாவிட்டால் அடுத்த முறை பணம் வராது. அது அவனுடைய சங்கடம்.

பிரேமிளாவின் சங்கடம் வேறு. மகன் லக்ஷனுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற ஏறத் தலைமுடி கொட்டி, முகமும் ஊதிப்போயிற்று. "என்ர பிள்ளையைக் காட்டி ஆரும் காசு சேர்க்க வேண்டாம்" என்று ரஜிதனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பொதியை வாங்காமல் இருக்கவும் வழியில்லை. ஆகவே அவன் போனைத் தூக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்து மகனின் முகத்தை மூடிவிடுவாள். வீட்டிலும் யாரையும் படம் எடுக்க விடவில்லை. முடி வளர்ந்த பிறகு ஆசை தீர எடுக்கலாம் என்று இருந்தாள்.

அந்த நாள் வரவேயில்லை. லக்ஷன் போய் நான்கு வருடமாகிறது.

இன்று அவனுடைய பிறந்தநாள். கச்சான் கடலை விற்ற காசில் இந்த மாதப் பொதிகளை பிரேமிளா கொடுக்கிறாள். பனரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அவள் சங்கம் பொதி கொடுக்கும் மண்டபத்துக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு அலுமாரியில் இருக்கிற படங்களிலெல்லாம் முடியோடு சிரிக்கிற பழைய லக்ஷன்தான். கடைசி இரண்டு வருடத்து முகம் அவளுக்கு மெல்ல மெல்ல மறந்துகொண்டு வந்தது. அந்தப் பயத்தை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

கொடிய நாட்கள்தான். ஆனாலும் அவளுக்கு ஆசையெல்லாம் அந்த நாட்கள்மேல்தான், அவன் இருந்தானே! கொழும்பு பஸ்ஸில் யன்னல் கரைக்காக அவன் பிடிக்கும் சண்டையும், எதிரே வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவதும் அவளுக்கு நினைவில் இருந்தன. இதே மண்டபத்தில் பனரை எழுத்துக் கூட்டி வாசித்து, முன்பின் தெரியாத கனடாப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வான். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளை வாசிக்கப் பழகியதே பனரில்தான். சேலைக்குள் மூடினால், "அம்மா, படத்தில நானும் நிப்பனே?" என்று உள்ளேயிருந்து கேட்பான். "ஓம், பேசாமல் இரு" என்பாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சனம் கலையத் தொடங்கியதும் அவள் ரஜிதனிடம் போனாள்.

"தம்பி, அந்த நேரம் எடுத்த லக்ஷன்ர படம் ஒண்டும் உங்களிட்டை இல்லையே?"

ரஜிதன் முழித்தான். "அக்கா, நீங்கள்தானே பக்கத்தில நிண்டு எல்லாத்தையும் அழிப்பிச்சனீங்கள்."

உண்மைதான். யாரை நொந்துகொள்வது?

"பொறுங்கோ, பேஸ்புக்கில பாப்பம்" என்று அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் ஒரு படத்தில் நின்றான். "இது மட்டும்தான் கிடக்கு. முகம் தெரியேல்லை எண்டு விட்டிட்டன்."

பின்னால் பெரிய பனர், யாரோ ஒரு சிறுமியின் ஐந்தாவது பிறந்தநாள். வரிசையின் ஓரத்தில் கடுகடுத்த முகத்தோடு பிரேமிளா. மடியில் நீலச் சேலைக்குள் ஒளிந்த பிள்ளை. பார்க்க வந்த முகத்தை அவளே மூடி வைத்திருக்கிறாள்.

போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

சேலைக்கு வெளியே ஒரு சின்னக் கை தெரிந்தது. ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிய கை. ஐந்து விரலையும் விரித்து, படம் எடுக்கிறவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இது அவளுக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

"நிண்டிருக்கிறான், தம்பி. படத்தில நிண்டிருக்கிறான்" என்றவள் அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதாள்.

ரஜிதன் குனிந்து படத்தைப் பார்த்தான். "பனரை வெட்டிப்போட்டு அனுப்பிவிடட்டே, அக்கா?"

"வேண்டாம், கிடக்கட்டும். அது அவன் வாசிச்ச பனர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலடியில் சிவதர்சினியைக் கண்டாள். நெடுங்கேணியிலிருந்து பொதிக்கு வந்த இளம் தாய். இவர்கள் போனும் கையுமாக நிற்பதைப் பார்த்து, மகளின் மொட்டைத் தலையை முகத்தோடு சேர்த்துத் துவாயால் மூடிக்கொண்டிருந்தாள்.

பிரேமிளா அவளிடம் போனாள். "தங்கச்சி, உங்கட போனிலேயே ஒரு படம் எடுத்துத் தரட்டே? வேற ஒருத்தருக்கும் போகாது."

"இப்ப பிள்ளை வடிவில்லையக்கா. முடி வந்தாப்பிறகு எடுப்பம்."

ரஜிதனின் போனில் இருக்கிற படத்தைக் காட்டித் தன் கதையைச் சொல்ல பிரேமிளாவுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறதே.

"அப்பவும் எடுங்கோ. இப்பவும் ஒண்டு எடுப்பம்" என்றாள்.

சிவதர்சினி அவளுடைய அழுத கண்களைப் பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள். துவாயைச் சின்னவளே இழுத்து எறிந்தாள். பிரேமிளா எடுத்த முதல் படம் கலங்கிப்போயிற்று. இரண்டாவது நன்றாக வந்தது.

படம் எடுத்து முடிந்தும் சின்னவள் சிரித்தபடி விரலை விரித்துக் கை காட்டிக்கொண்டே நின்றாள். பிரேமிளா போனைத் தாழ்த்தினாள். நான்கு வருடம் பிந்தித்தான், என்றாலும் திருப்பிக் கை காட்டினாள்.