பின்சீட்டின் இடப்பக்கம்

மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஷிராடி மலைப்பாதையில் ஜவரேகௌடரின் கார் மறுபடி ஊளையிட்டது. ஒரே வாரத்தில் வலது முன்சக்கரத்து பேரிங்கை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. பின்சீட்டில் அவர் மனைவி சன்னம்மா இடப்பக்கம் தலைவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சொந்தக் காதைத் தவிர வேறெந்தக் காதையும் நம்பாத கௌடருக்கு அழுகையே வந்துவிட்டது.

வழியோர ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, மெக்கானிக் யூசுப்பிடம் கத்தினார். "வலது சக்கரந்தான்யா! என் காதுகிட்டயே அலறுது. கழண்டா ரெண்டு பேரும் பள்ளத்துலதான்!"

"ஓட்டுறவர் உக்கார்றது வலப்பக்கம், கௌட்ரே. எல்லாச் சத்தமும் அங்கதான் கேக்கும். எந்தப் பக்கம் திரும்பினா கூடுது?"

"அதையெல்லாம் யாருய்யா பாத்தா!"

"வலப்பக்கம் திரும்பினா," என்றாள் சன்னம்மா படுத்தபடியே. "என் தலைக்குக் கீழ. திங்கக்கிழமையே சொன்னேன்."

"வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்? சும்மா கிட!"

யூசுப் அவளை இறக்கிப் பெஞ்சில் படுக்கவைக்கச் சொன்னான். இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினான். உள்ளே மணலை அரைப்பதுபோல் நறநறத்தது.

"வலப்பக்கம் திரும்பினா பாரம் இடப்பக்கம் விழும். அம்மா சொன்னதுதான் சரி. ஒரு மணி நேரமாகும்."

ஒரு மணி நேரம்! கௌடர் பெஞ்சருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொன்னது சரிதான், சன்னி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வயித்து வலியையும் உகாதிப் பண்டிகையப்பவே சொன்னேன். வாயுன்னீங்க."