அவளுக்கு விழுந்த சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆறு நாளும் சீருடைக் கம்பெனியில் காலர் தைத்து மரத்துப்போன கழுத்தைத் தலையணையில் சாய்த்தால், "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டாள் என் மகள். வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். நாளைக்குக் கல்லூரியில் பட்டிமன்றம். கொள்ளைநோய் வந்தபோது அரசாங்கங்கள் விரைந்து செயல்பட்டனவா, இல்லையா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது, 'விரைந்துதான் செயல்பட்டன'.

இதைவிட வயிற்றெரிச்சல் வேறு உண்டா? இவள் அப்பாவைக் கொண்டுபோனதே அந்த நோய்தான். அவர் பஸ் டிரைவர். ஊரே இருமத் தொடங்கிய பிறகும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மேலே இருந்தவர்களுக்குப் பதினோரு நாள் பிடித்தது. இவள் அப்போது ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து அந்தப் பதினோரு நாளைச் சொல்லிச் சொல்லித்தான் நான் அவர்களைத் திட்டித் தீர்க்கிறேன்.

"வேற பக்கம் மாத்திக் கேக்கட்டுமாம்மா?"

"எதுக்கு? பேசு. நான் தூங்குறேன்."

உண்மையாகவே கண் சொருகியது. மின்விசிறிக் காற்றில் அவள் குரல் கிட்டத்தில் வருவதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. ஜன்னல் திரை உப்பியது, அடங்கியது. அவர் டூட்டி முடிந்து உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். சட்டை சுட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமா என்றார். அங்க போனாதான் ஒட்டிக்கும், இது வெயில் சூடு, காலையில சரியாயிடும் என்றேன் நான். பாதித் தூக்கத்திலும் தெரிந்தது, இது கனவு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே நடந்ததுதான். வெள்ளிவரை லீவு போடவைத்து வெந்நீரும் ஆவியுமாக ஓட்டினேன். சனிக்கிழமை மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதை நான் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தாமதித்தவர்கள் எல்லோரும் அலட்சியத்தால் தாமதிக்கவில்லை, நடுவர் அவர்களே" என்றது குரல். "அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. பயத்தாலும் தாமதித்தார்கள்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அதைத் திரும்பச் சொல்லு."

"நல்லா இல்லையா?"

"சொல்லுடி."

சொன்னாள். இனிமேல் அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"செவ்வாக்கிழமையே உங்கப்பாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் நான்தான் போகவிடலை. அவரு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"செவ்வா இல்லம்மா. திங்கக்கிழமை."

"என்னடி திங்கக்கிழமை?"

"அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து அப்பா பஸ்லதான் வந்தேன். இறங்கும்போது கையைப் பிடிச்சேன், கொதிச்சுது. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னாரு. நானும் சொல்லலை."

"நீ சின்னப் பிள்ளைடி."

"அப்ப உனக்கு மட்டும் என்னம்மா தெரியும்?"

தாள் அவள் மடியிலிருந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. கட்டிலில் ஏறி, என் காலைத் தாண்டி, சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் போனதிலிருந்து அந்தப் பக்கத்தில் யாரும் படுத்ததில்லை. வெயில் மெதுவாக நகர்ந்துவந்து அவள் தோளில் ஏறியது.