எந்த வருஷத்துக் கப்பல்

பல் டாக்டருக்குப் பொய் என்றால் ஆகாது. பொய்ப்பல் கட்டியே வீடு கட்டியவர் என்பது வேறு விஷயம். அவருக்கு ஆகாத பொய், கப்பல் மாடல் செய்கிறவர்கள் மரத்தாலும் நூலாலும் சொல்லும் பொய். பாய்மரத்தை ஒரு விரற்கடை நெட்டையாக நிறுத்துவார்கள். கீழ்த்தளத்துப் பீரங்கியை மேல்தளத்தில் ஒட்டிவிட்டு, "சும்மா அழகுக்குத்தானே சார்" என்று பல்லைக் காட்டுவார்கள். காட்டிய பல்லையும் டாக்டர் ஒருமுறை உற்றுப் பார்த்து, அதிலும் நேர்மை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

அதனால், எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவுக்காகக் கட்டப்பட்ட, எழுபத்துநாலு பீரங்கி ஏற்றிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றை, ஒரு துரும்புகூட மாறாமல் சிறிய அளவில் கட்டிக் காட்டுவது என்று அவர் இறங்கினார். முதலில் சாப்பாட்டு மேஜை போயிற்று. அப்புறம் விருந்தாளி அறை. அதோடு விருந்தாளிகள் வருவதும் நின்றது. இதை டாக்டர் ஒரு நஷ்டமாகக் கருதியதில்லை. கிளினிக்கில் தேய்ந்துபோன துரப்பண ஊசிகளெல்லாம் வீட்டுக்கு வந்து இரண்டாம் பிறவி எடுத்தன. கப்பலின் பின்பக்கத்தில் கேப்டன் காற்று வாங்குவதற்கென்று ஓர் உப்பரிகை உண்டு. அதன் கைப்பிடித் தூண்கள் ஒவ்வொன்றையும், கடைவாய்ப் பல்லைக் குடைகிற பக்தியோடு டாக்டர் குடைந்து எடுத்தார். நோயாளிகளிடம் அத்தனை பொறுமை காட்டியிருந்தால் ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிழைத்திருக்கும்.

டாக்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷனுக்கு வந்த இந்தப் பைத்தியத்துக்குக் குடியே தேவலை, அதில் மரத்தூளாவது பறக்காது என்று அவர் தன் தம்பியிடம் சொல்லியிருந்தார். சொன்னவரே அதில் மாட்டிக்கொண்டதுதான் கூத்து. பாய்மரங்களின் இரண்டு பக்கமும் வலை மாதிரி கயிற்றேணிகள் இறங்கும். ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு கயிற்றோடும் தனித்தனியாக முடிச்சுப் போட்டுக் கட்டவேண்டும். டாக்டர் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடி, மூன்று படி கட்டி, அந்த மூன்றும் மூன்று திசையில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நூல் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். டீச்சர் அந்த நூலை வாங்கிப் போட்டுக் காட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. டிவியில் மாமியார்கள் மருமகள்களைப் பழிவாங்கிக்கொண்டிருக்க, டீச்சர் ஒரு வருஷம் முழுக்க முடிச்சுப் போட்டார். பார்க்க வருகிறவர்களிடம் டாக்டர், "கயிறெல்லாம் போட்டாச்சு" என்பார். போட்டது யார் என்பதை அந்த வாக்கியம் பெருந்தன்மையாக விட்டுவிடும்.

கப்பல் முடிந்தது. பெரிய யுத்தத்துக்கு அது கிளம்பிய வருஷத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அடியில் பதித்தார் டாக்டர். மாடல்காரர்கள் சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற கட்டட இன்ஸ்பெக்டர். எல்லோரும் அவரை ஆணி என்பார்கள். ஒருமுறை யாரோ ஓர் உறுப்பினர் வீட்டில், அந்த மனிதரின் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னிலையிலேயே, மாடலில் அடித்திருந்த ஆணிகளை எண்ணிக் குறைகிறது என்று சொல்லிவிட்டு வந்தவர். கண்காட்சிக்கு முன்னால் ஒரு பார்வை பார்க்கட்டுமே என்று டாக்டரே அவரை அழைத்தார். வினையை வண்டி வைத்துக் கூட்டி வந்தார் என்றும் சொல்லலாம்.

ஆணி டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார். டீச்சர் கொடுத்த டீயை உறிஞ்சினார். கடைசியில் பின்பக்கத்தில் போய் நின்று, இது எந்த வருஷத்துக் கப்பல் என்று கேட்டார். டாக்டர் பித்தளைத் தகட்டைக் காட்டினார்.

"அப்படியா," என்றார் ஆணி.

அந்தச் சங்கத்தில் 'அப்படியா' என்பது கிட்டத்தட்டக் கெட்ட வார்த்தை.

"யுத்தத்துக்குப் போறப்ப இந்த உப்பரிகை ஏது டாக்டர்? தண்ணி ஒழுகுதுன்னு அதை முன்னாடியே இடிச்சு மூடிட்டாங்களே. டீ ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

அவர் போனதும் டாக்டர் தன்னிடமிருந்த புத்தகங்களையெல்லாம் இழுத்துப் போட்டார். ஆணி சொன்னது சரி. தான் வைத்துக் கட்டிய வரைபடம் கப்பலின் பிறந்த நாளைக்கு உரியது என்பதும், யுத்தத்துக்குப் போன கப்பல் நடுவயதில் முகம் மாறியது என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சர் மேஜை ஓரத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே வழி சொன்னார்.

"தகட்டுல வருஷத்தை மாத்திடுங்க. நாலு நம்பர்தானே."

இது மோசடி என்று டாக்டர் சீறினார். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது, இது மோசடி இல்லை, ஆராய்ச்சி என்று பட்டது. உப்பரிகை இருந்த காலத்து வருஷமாகப் பார்த்துப் பொறித்தால் தீர்ந்தது. சந்தோஷமாகக் கப்பலைக் குனிந்து பார்த்தார். அடிவயிறு செப்புத் தகடாய்ப் பளபளத்தது. மரத்தைப் புழு அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் கப்பலின் அடியில் செம்பு அடிப்பார்கள். டாக்டர் நகக்கண் அளவில் ஆயிரக்கணக்கான துண்டு வெட்டி ஒட்டியிருந்தார். ஆனால் இந்தக் கப்பலுக்குச் செம்பு அடித்ததே, உப்பரிகையை இடித்த அதே பழுதுபார்ப்பின்போதுதான். உப்பரிகை இருந்த வருஷத்தில் செம்பு இல்லை. செம்பு இருந்த வருஷத்தில் உப்பரிகை இல்லை. அவர் வீட்டு மேஜையில் நின்றது, எந்தக் கடலும் பார்த்திராத கப்பல்.

செம்பை உரித்தால் பலகையும் சேர்ந்து வரும். உப்பரிகையை அறுப்பதென்றால் அதற்குத் தன் கையை அறுத்துக்கொள்ளலாம். டாக்டர் நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு நூலகத்தில் குடியேறினார். தொலைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி தேடினார். கிடைத்தும் விட்டது. பழுதுபார்க்க வந்தபோது முதலில் செம்பு அடித்திருக்கிறார்கள். உப்பரிகையில் கை வைத்தது சில வாரம் கழித்து. இடைப்பட்ட அந்தச் சில வாரம், அந்தக் கப்பல் சாட்சாத் டாக்டரின் கப்பலேதான். அவருக்குப் பறக்காத குறை.

ஒரே ஒரு சிக்கல். அந்த வாரங்களில் அது தண்ணீர் வடித்த பழுதுபார்க்கும் துறையில், கட்டையைக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. பாரம் குறைப்பதற்காகப் பாய்மரம், கயிறு, பீரங்கி எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மைத்துனரிடம் டாக்டர் இதையெல்லாம் கண்கள் மின்ன விளக்கினார். மைத்துனர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப போர்க்கப்பல்ல போரும் இல்ல, கப்பலும் இல்ல. மிச்சம் என்ன அத்தான்?"

"உண்மை," என்றார் டாக்டர்.

டீச்சர் பள்ளிக்கூட வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு நாள் அவர் காரியத்தை முடித்தார். தகட்டில் அந்தப் பழுதுபார்ப்பு வருஷத்தைப் பொறித்தார். பீரங்கிகள் சுலபம். இடுக்கியால் பிடித்து லேசாக அசைத்தால் 'டக்' என்று வந்தன, பழகிய ஓசை. கயிற்றேணிகளின் அடியில் கத்தரியை வைத்தபோது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. ஒன்றும் ஆகாத நல்ல பல்லைப் பிடுங்கப் போகிற மாதிரி இருந்தது. சரித்திரம் கேட்கிறது, நாம் யார் மறுக்க என்று சொல்லிக்கொண்டு வெட்டினார். மூன்று பாய்மரங்களும், கிழிந்த வலையைச் சுற்றிக்கொண்டு, பழைய செய்தித்தாளில் நீட்டி நிமிர்ந்து கிடந்தன.

திரும்பி வந்த டீச்சர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

டாக்டர் செப்புத் தகட்டிலிருந்து ஆரம்பித்தார். டீச்சர் முழுக்கக் கேட்டார். அவருக்கு ஒரு வருஷத்தையாவது ஒழுங்காகக் கண்டுபிடிக்கத் தெரிந்ததே என்று பாராட்டினார். பிறகு, "நான் இதைக் கட்டினது எந்த வருஷம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

டாக்டர் யோசித்தார். தெரியவில்லை.

"என் கண்ணாடி பவர் ரெண்டு தடவை ஏறுன வருஷம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு டாக்டர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது அடுப்பு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் அலமாரிக்குள். டீச்சர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சமையலறை பழுதுபார்க்கப் போயிருக்குங்க. பாத்திரமெல்லாம் இறக்கி வெச்சாச்சு. துல்லியமா சொன்னா, இந்த வாரம் இங்க சாப்பாடு இருந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

டாக்டர் ரொட்டியில் வாழ்ந்தார். டீச்சர் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார். கோபித்தால் சண்டை போடலாம், சண்டை போட்டால் சமாதானமாகலாம். டீச்சரோ தன்மையாக, தேதி வாரியாகப் பேசினார். துணி துவைத்தாயிற்றா என்றால், துவைத்தது போன வாரத்து நிலைமை என்றார். துல்லியம் என்பது அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது எத்தனை எரிச்சலானது என்பதை டாக்டர் வாழ்க்கையில் முதல் முறையாக அனுபவித்தார்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், வெட்டிய கயிற்றேணியில் ஒரு துண்டை அவர் கிளினிக்குக்கு எடுத்துப் போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆள் வராத நேரத்தில் விளக்கைத் தாழ்த்தி, பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு முடிச்சுகூட மற்றதற்கு மாறாக இல்லை. இழுவையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. கப்பலில் எல்லாவற்றையும் பத்துத் தடவை சரிபார்த்தவர், இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியம் வராததால்தான் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. தானே ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நூல் இந்தத் தடவையும் சரியில்லை.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. கண்காட்சியில் ஒவ்வொரு மாடலுக்கும் முன்னால் ஒரு விவர அட்டை வைப்பார்கள். டாக்டர் அந்த அட்டையில் கப்பலின் பெயர், வருஷம், பழுதுபார்ப்பில் இருந்த வாரம், அளவு எல்லாம் எழுதி, கடைசி வரியில் கொட்டை எழுத்தில், 'கயிறு வேலை முழுவதும்: என் மனைவி' என்று போட்டார்.

கண்காட்சி நகரசபை மண்டபத்தில் நடந்தது. பக்கத்து மேஜையில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஞாயிறுகளில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த கப்பல் எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டு, இல்லாத காற்றில் பறந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றித்தான் கூட்டம். டாக்டரின் மேஜைக்கு வந்தவர்கள் மொட்டையாக நின்ற கப்பலைப் பார்த்தார்கள். அட்டையைப் படித்தார்கள். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள். கயிறு எங்கேயும் இல்லை. ஓர் அம்மாள் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார்.

டீச்சர் தம்பியோடு வந்து சேர்ந்தார். மைத்துனர் அட்டையை வாசித்தார். கப்பலைப் பார்த்தார்.

"அக்கா ரொம்ப நுணுக்கமா கட்டியிருக்கு. கண்ணுக்கே தெரியல."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி அட்டையைப் படித்து மறுபடி சிரித்தார். டாக்டருக்கு அவமானமாகவும், அதைவிட நிம்மதியாகவும் இருந்தது.

பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு பிளாஸ்டிக்குக்கு. டாக்டருக்குச் சான்றிதழ் ஒன்று. வாங்கிப் படித்தார்: 'முடிக்கப்படாத மாடல்களில் சிறந்தது.' நேரே ஆணியிடம் போனார். அந்த மண்டபத்திலேயே முழு உண்மை பேசுகிற ஒரே கப்பல் தன்னுடையதுதான் என்றும், அதை அரைகுறை என்று சொல்லச் சங்கத்துக்கு என்ன தகுதி என்றும் கேட்டார். ஆணி அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை.

"டாக்டர், நீங்க காட்டியிருக்கிற வாரத்துல கப்பல்ல வேலை நடந்துட்டு இருந்துச்சா, முடிஞ்சிருச்சா?"

"நடந்துட்டு இருந்துச்சு."

"அப்ப முடியாத கப்பல்தானே. துல்லியமா அதைத்தான் எழுதியிருக்கோம்."

ஆணி சொன்னது இந்தத் தடவையும் சரி. டாக்டர் சான்றிதழைக் கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கப்பல் அவர் மடியில் இருந்தது, சான்றிதழ் டீச்சர் மடியில். பாய்மரங்களைப் பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேல் வைத்திருப்பதாகவும், ஏணிகள் பெரும்பாலும் அறுபடாமல் இருப்பதாகவும், அடுத்த கப்பலுக்கு ஆகும் என்றும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்தது நீராவிக் கப்பலா இருக்கட்டும்," என்றார் டீச்சர். கொஞ்ச தூரம் போனதும், ராத்திரிக்குச் சமையலறை துறையைவிட்டு வெளியே வந்துவிடும் என்றும், காய் நறுக்குவது கேப்டன் என்றும் சொன்னார். டாக்டர் துண்டுகளின் அளவு என்ன என்று கேட்கப் போய், கேட்காமல் விட்டார்.

கப்பல் இப்போது கிளினிக்கின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. காத்திருப்பவர்கள் அதை எப்போது முடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் டாக்டர் அங்கேயே நின்று விளக்கிப் பார்த்தார். கதை செப்புத் தகட்டுக்கு வருவதற்குள் அவர்கள் பத்திரிகை புரட்டத் தொடங்கிவிடுவார்கள். இப்போதெல்லாம் அவர் அவசரப்படுவதில்லை. உள்ளே கூட்டிப் போய், நாற்காலியைச் சாய்த்து, மரத்துப்போகிற ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்த பிறகுதான் பதிலை ஆரம்பிக்கிறார். அடிமரம் தொடங்கி, உப்பரிகை இடிபடுவதற்கு முந்தின வாரம் வரை சொல்கிறார். இதுவரை ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.