கடைசி வார்த்தை

அறிவிப்பாளர் வேலைக்கான சோதனையாக, காலை ஏழேகாலுக்கு அவள் பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் தன் முதல் ஆங்கில அறிவிப்பை வாசித்தாள். உச்சரிப்பில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில், கேள்வி கேட்பதுபோல் குரல் மேலே ஏறியது. பயணிகள் சிலர் அறிவிப்பு அறையின் ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள்.

"பஸ் வருமா வராதா? நீங்களே எங்களைக் கேட்டா எப்படி?"

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்தார். "வேலை வேணும்னா அடுத்ததாவது ஒழுங்கா இருக்கணும்மா."

அவள் கணவனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"என்னைத் திட்டும்போது உன் குரல் மேலயா போகுது?" என்றான் அவன். "கடைசி வார்த்தையை டம்முனு கீழ போடுவியே, அப்படிப் போடு."

"வீட்டுக்கு வரேன், இரு."

"இதான். இதே குரல்தான்."

ஒன்பது மணி வண்டிக்கான அறிவிப்பை அவள் கணவனை நினைத்துக்கொண்டு வாசித்தாள். வண்டி எண்ணை அழுத்திச் சொன்னாள். வாக்கிய முடிவில் குரலை இறக்கினாள். ஜன்னலுக்கு ஒருவரும் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பைகளோடு எழுந்து நின்றார்கள்.

மேற்பார்வையாளர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து வேலைக்கு வந்துடும்மா. ஆனா பத்து மணி பஸ்ஸுக்குப் போறவங்களும் எதுக்கும்மா எழுந்து நிக்கறாங்க?"