யார் யாருக்கு அக்கா

வேன் படியில் கால் வைத்த வெங்கடேஸ்வரியைப் பார்த்து, "பாத்து ஏறுங்கக்கா" என்றாள் சண்முகத்தாய்.

சளசளவென்று இருந்த வேன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி ராஜபாளையத்துக் கம்பெனிக்குப் போகிற அந்த வேனில் எப்போதும் ஆள் நெருக்கம். பாதிப் பெண்கள் நின்றுகொண்டுதான் வருவார்கள். அந்த நெருக்கத்திலும் வன்னியம்பட்டி விலக்கில் ஏறுகிற வெங்கடேஸ்வரிக்காக, தன் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து வருவாள் சண்முகத்தாய். இருபது வருடப் பழக்கம். இவள் அவளை 'ஏட்டி' என்பாள். அவள் வீட்டில் தெலுங்கு. அவள் இவளை 'ஏமே' என்பாள். கோபத்துக்கும் அதுதான், பிரியத்துக்கும் அதுதான். அப்படிப்பட்டவளுக்கு அன்று காலை திடீரென்று அக்கா பட்டம்.

வெங்கடேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். கம்பெனி வாசலில் இறங்கும்போது வழிவிட்டு நின்று, "நீங்க மொதல்ல எறங்குங்கக்கா. வயசுல பெரியவிய" என்றாள்.

விஷயம் ஆயுத பூஜை. கம்பெனியில் காயக்கட்டுத் துணி நெய்கிறார்கள். நெய்த துணியைக் கண்ணாடி மேசையில் ஓடவிட்டு, அடியில் எரிகிற விளக்கு வெளிச்சத்தில் கறையும் அறுந்த இழையும் பார்த்து ஒதுக்குவது செக்கிங். அங்கே மூத்த பெண் யாரோ அவளுக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளியம்மா கையால் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. ஒரு காலத்தில் அதை வாங்க ஆளாளுக்கு ஆசைப்பட்டார்கள். மானேஜராக ஹரிகிருஷ்ணன் வந்த பிறகு அந்த ஆசையெல்லாம் செத்துப்போயிற்று. போன வருடத்துக்கு முந்தின வருடம் பொன்மணி வாங்கினாள். தீபாவளி முடிந்து வேலைக்கு வந்தவளை, "இனிமே வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று கேட்டிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். போன வருடம் ஞானபாக்கியம். சர்ச்சுக்குப் போகிறவள் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அவளுக்கும் தீபாவளியோடு சரி. சும்மா அனுப்பினால் பேச்சு வரும், விளக்கு கொடுத்து அனுப்பினால் போட்டோ வரும். ஹரிகிருஷ்ணன் படித்த பிள்ளை.

இந்த வருடம் மிச்சம் இருந்த மூத்தவர்கள் இரண்டு பேர். "டேபிளுக்கு ஒரு சீனியர் போதும்" என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டான். யார் மூத்தவள் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ஆதாரில் இருவருக்கும் ஒரே வருடம். எழுதியவன் முகத்தைப் பார்த்து எழுதியது. அதனால் சின்னப் பெண்களிடம் அங்கங்கே விசாரித்துக்கொண்டிருந்தான்.

உண்மையில் யார் மூத்தவள் என்று சண்முகத்தாய்க்குத் தெரியும். அதனால்தான் முந்திக்கொண்டாள்.

அவளுக்கு வேலை போகக் கூடாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் கருத்தப்பாண்டிக்குச் சர்க்கரை வந்து காலில் இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது. இப்போது அவனுக்கு ஓட்டுவதற்கு டி.வி. ரிமோட்தான். மகள் இந்து கிருஷ்ணன்கோவில் காலேஜில் கடைசி வருடம். இதெல்லாம் வெளியே சொல்கிற காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. வேலைக்குப் போகிறவரைக்கும்தான் அந்த வீட்டில் அவளிடம், "என்ன குழம்பு வைக்கட்டும்" என்று ஒருவராவது கேட்பார்கள். வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பொன்மணியை ஒருநாள் ரத வீதியில் பார்த்தாள். மருமகளுக்கு மாவு அரைக்க வந்தேன் என்று அவள் சொன்ன விதம் சண்முகத்தாய்க்கு மறக்கவில்லை.

ஆகவே சண்டை நடந்தது. மரியாதையாகவே நடந்தது. இவள் தலைக்குச் சாயம் அடித்து வந்தாள். மறுநாள் அவளும் அடித்து வந்தாள். முழங்கால் வலிக்க வலிக்க இவள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். டீ நேரத்தில் யாரோ முறுக்கு நீட்டியபோது வெங்கடேஸ்வரி தடுத்தாள். "அக்காவுக்குக் குடுக்காதீங்கட்டி. பல்லு பாவம்."

சண்முகத்தாய் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கடித்துத் தின்றாள். கடைவாய்ப் பல் அன்று முழுவதும் தெறித்தது. பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். இவர்களும் ஒருநாள் இந்த மேசையில்தானே கிழடாகப் போகிறார்கள், அப்போது தெரியும் என்று மனதுக்குள் வைதுகொண்டாள்.

சண்டைக்கு முடிவு வந்தது பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். வெங்கடேஸ்வரிக்குக் கொஞ்ச காலமாகப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் வயசாளி என்று தெரிந்துவிடும் என்று அதை மடிப்பையிலேயே வைத்திருப்பாள். அறுந்த இழை ஏதாவது அவளைத் தாண்டி ஓடினால், சண்முகத்தாய் முழங்கையால் விலாவில் ஒரு இடி இடிப்பாள். அவள் டக்கென்று துணியைப் பிடித்துக்கொள்வாள். கீழே கண் வைத்து வேலை பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. சண்டை வந்த பிறகும் அந்த இடி மட்டும் நிற்கவில்லை. கை பழகியிருந்தது.

அன்று முதலாளி மகனைக் கூட்டிக்கொண்டு ஹரிகிருஷ்ணன் மேசைப் பக்கம் வந்து நின்றான். ஒரு எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலம், வெங்கடேஸ்வரியின் விரலுக்கு அடியிலேயே நழுவிப் போயிற்று. சண்முகத்தாயின் முழங்கை எழுந்தது. எழுந்ததை அவளே உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கண்ணாடியப் போட்டுக்கோங்க" என்றாள். குரலில் அம்புட்டுக் கனிவு. "எம்புட்டு நாளைக்குத்தான் தடவித் தடவிப் பாப்பீங்க."

வெங்கடேஸ்வரியின் கை துணிமேல் அப்படியே நின்றது. ஹரிகிருஷ்ணன் அந்தக் கறையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "அப்படியாம்மா" என்று மட்டும் கேட்டான். அவள் மடிப்பையை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சண்முகத்தாயை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு அடுத்த துணியை இழுத்தாள்.

பூஜை நன்றாகவே நடந்தது. தறிகளுக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் வாழை, பொரிகடலை பொட்டலம். மைக்கில் ஹரிகிருஷ்ணன், "நம்ம செக்கிங் டிப்பார்ட்மென்ட் மூத்த சகோதரி" என்று இழுத்தபோது சண்முகத்தாய்க்குக் காது அடைத்தது. வெங்கடேஸ்வரி என்ற பெயர் விழுந்ததும்தான் மூச்சு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தாள். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். வெங்கடேஸ்வரி கண்ணாடியோடே மேடை ஏறி, விளக்கை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்தாள்.

சாயங்கால வேனில் வெங்கடேஸ்வரி பக்கத்தில் உட்கார வரமாட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ, சண்முகத்தாய் பையை வைக்கவில்லை. ஆனாலும் வெங்கடேஸ்வரி வந்து அங்கேதான் உட்கார்ந்தாள். செய்தித்தாளில் சுற்றிய விளக்கு அவள் மடியில் இருந்தது. வழி முழுக்கச் சண்முகத்தாய் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விலக்கு வந்ததும் வெங்கடேஸ்வரி எழுந்தாள். "செத்த பிடிங்கக்கா. எறங்கிட்டு வாங்கிக்கிறேன்" என்று விளக்கை நீட்டினாள். இறங்குகிறவர்களின் சாமானை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்து ஜன்னல் வழியாகக் கொடுப்பது வழக்கம்தானே. யோசிக்காமல் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் சண்முகத்தாய்.

வெங்கடேஸ்வரி இறங்கினாள். ஜன்னலுக்கு வந்தாள். கையை நீட்டவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா. அடுத்த வருசம் கம்பெனிக்காரவிய புதுசா ஒண்ணு வாங்க வேண்டாம்."

"ஏட்டி, இந்தா, நில்லுட்டி" என்று சண்முகத்தாய் விளக்கை ஜன்னலுக்குத் தூக்குவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. வெங்கடேஸ்வரி திரும்பிப் பார்க்காமல் ஊருக்குள் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சண்முகத்தாய், "செத்த பிடிட்டி, காலு மரத்துப்போச்சு" என்றாள்.

"வேண்டாம்க்கா. ஒங்கட்டயே இருக்கட்டும்." அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வெங்கடேஸ்வரி இறங்கினால் அந்த இடத்துக்குத் தினமும் அடிபிடி நடக்கும். இன்று ஒருத்தியும் உட்கார வரவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு எல்லோரும் நின்றே வந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் விளக்கின் பாதம் சண்முகத்தாயின் அடிவயிற்றில் இடித்தது. தாள் கிழிந்து, உச்சியில் இருந்த அன்னம் கழுத்தை நீட்டி வெளியே வந்திருந்தது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. காலிச் சீட்டில் அதை இறக்கி வைக்கலாம். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.