சனிக்கிழமை ஆம்பிளை

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் இரண்டு பேராகிவிடுவேன். ஒருவன் ஸ்காபரோவில், பதினாலாம் மாடியில், அக்காவின் சோபாவில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருப்பான். மற்றவன் அவளுடைய தொலைக்காட்சிக்குள் தடித்த மீசையோடு நடந்து வருவான். வெளியே பனி. அந்த உயரத்தில் பனிக்கு விழ அவசரமில்லை. ஜன்னலுக்கு முன்னால் நின்று யோசிக்கும், சில வேளை மேலேகூடப் போகும். அக்கா பனியைக் கவனிப்பதில்லை. மீசைக்காரன்தான் அவளுக்குப் பெருமை.

கேபிளில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் தமிழ் நிகழ்ச்சி. தொண்ணூற்றாறில் அதில் எங்கள் நாடகம் போனது. நான் மூத்த அண்ணன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பது, கதவைத் தள்ளித் திறப்பது, எது நடந்தாலும் அழாமல் இருப்பது, இவ்வளவும்தான் எனக்குத் தரப்பட்ட நடிப்பு. மரியரட்ணம் அண்ணைக்கு நளினன் என்று ஒரு பாத்திரம். அவர் இடுப்பை வளைத்து நடக்கவேண்டும், ஆண்களைக் கண்டால் வெட்கப்படவேண்டும், கடைசியில் அடி வாங்கவேண்டும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

உண்மையில் மரியரட்ணம் அண்ணை லொறி ஓட்டுகிறவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். படப்பிடிப்பு இடைவேளையில் மனைவிக்குப் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்காவிட்டால் அவருக்கு வசனம் வராது. ஆண்களை நேசிக்கிறவன் நான். இந்தச் சின்ன விசயம் இயக்குநருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மனுசன் பாவம், கதையை எங்கே கொண்டுபோய் வைப்பார்!

மார்க்கம் நகரத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்தான் எங்கள் ஸ்ரூடியோ. சுவரில் நீலத் துணி தொங்கும். அங்கே எப்போதும் பின்னேரம். ரஸீன் விளக்குப் பிடிப்பான். அவன் வெளிச்சம் என் முகத்தில் விழும்போது எனக்கு வசனம் மறந்துபோகும். "அல்பேட், ஆம்பிளை மாதிரி முறையும்!" என்று இயக்குநர் கத்துவார். இரண்டு வருடமாக எனக்கும் ரஸீனுக்கும் அந்த வெளிச்சம்தான் வீடு. அவன் ஒருநாளும் இடுப்பை வளைத்து நடந்ததில்லை. ஏணியும் வயரும் தூக்கித் திரிகிறவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

நான் சொல்ல வந்த சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு மோர்னிங்சைட்டிலிருந்து, எனக்குப் பேசியிருந்த பேர்ணடெற்றின் தாய் போன் எடுப்பதாக இருந்தது. அக்கா சம்மதம் சொன்னால் எனக்கும் பேர்ணடெற்றுக்கும் கல்யாண நாள் குறிக்கப் பங்குச் சுவாமியாரிடம் போய்விடுவார்கள். அவள் நல்ல பெண். நல்ல பெண்ணை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணிக்கு முன் அக்காவிடம் சொல்லியாகவேண்டும். யூஜினி அக்காதான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவள். முதல் பனிக்காலத்தில் புதுக் கோட்டை எனக்குத் தந்துவிட்டு, அத்தானின் பழையதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள். எனக்கு அவளை இழக்கப் பயம். வேறு எந்தப் பயமும் இல்லை.

அன்றைய பகுதியில் நளினன் என் தோளில் தலை சாய்க்கிறான். நான் கன்னத்தில் அறைகிறேன். சத்தம் போதாது என்று இயக்குநர் ஏழு தடவை எடுத்த காட்சி. ஏழாவதில் மரியரட்ணம் அண்ணைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "பரவாயில்லை தம்பி, நல்லா விழுந்துது" என்றார் அந்த மனிதர். அந்தப் படப்பிடிப்பு முடிந்து ரஸீன் என் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போனான்.

அக்கா கை தட்டினாள். "அப்பிடிப் போடு!"

நாடகம் முடிந்தது. என் கோப்பை ஆறிப்போயிருந்தது.

"அக்கா, நானும் அப்பிடித்தான்."

"எப்பிடி?"

"நளினனை மாதிரி. எனக்குப் பொம்பிளையளிலை விருப்பம் வராது. கலியாணம் வேண்டாம்."

அவள் சிரித்தாள். மனம்விட்டுத்தான் சிரித்தாள். "உனக்கென்ன விசரே? உன்ரை நடையை நீயே பார்!" அப்போதுதான் பதிவு செய்த வீடியோக் கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டாள்.

படம் பின்னுக்கு ஓடியது. என் கை அந்தக் கன்னத்தை விட்டு மெல்லக் கழன்றது. நளினனின் தலை என் தோளுக்குத் திரும்பி வந்து சாய்ந்தது. பிறகு நான் கதவு வழியே பின்பக்கமாக நடந்து மறைந்தேன். வெளியே பனியும் மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடினால் அந்த மீசைக்காரன் இல்லாமலே போய்விடுவான் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அக்கா நிறுத்தி, அவனை மறுபடி நடக்கவிட்டாள்.

"உது அப்பிடியான ஆக்களின்ரை நடையே? சொல்லு."

"உது எனக்குச் சொல்லித் தந்த நடை, அக்கா. மரியரட்ணம் அண்ணைக்கும் சொல்லிக் குடுத்ததுதான். அவருக்கு மூண்டு பிள்ளையள்."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப, ஆர் எப்பிடியெண்டு பாத்து என்னண்டு தெரியும்?"

"தெரியாது. சொன்னாத்தான் தெரியும். அதுதான் சொல்லுறன்."

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினாள். மீசைக்காரன் ஒலியில்லாமல் நடந்துகொண்டிருந்தான்.

"ஆரும் இருக்கினமோ?"

"ரஸீன்."

"இங்கை வந்து என்ரை கணவாய்க் கறியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட ரஸீனோ?"

"ஓம்."

அக்காவின் முகம் கோணியது. "போன கிழமை உதிலை இருந்துதானே அவன் உந்த நாடகம் பாத்தவன். நான் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்து சிரிச்சன்." முந்தானையால் வாயைப் பொத்தினாள். உடனே கோபம் வந்துவிட்டது. "நீ கனடா வந்து எட்டு வருசம்! எனக்கு முன்னாலையுமோ நடிச்சனீ?"

நான் அழுதேன். நாடகத்தில் அழ விடமாட்டார்கள். வீட்டில் அழலாம் என்றுகூட இவ்வளவு காலம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். "இல்லை அன்ரி. இது சரிவராது. நான் அவனைக் கேக்காமல் உங்களுக்குச் சொல்லிப்போட்டன், என்ரை பிழை." பேர்ணடெற்றின் தாயின் குரல் எனக்கே கேட்டது. பொடியனிலை ஏதும் குறையோ?

"ஒண்டும் இல்லை" என்றாள். அவர்கள் நம்பவில்லை. சுற்றிச் சுற்றி அதையே கேட்டார்கள். குடியோ, நோய் வருத்தமோ, வேறை தொடுப்போ? கனேடியத் தமிழ்த் தாய்மாருக்குத் தெரிந்த குறைகள் எல்லாவற்றையும் அக்கா பொறுமையாகக் கேட்டு முடித்தாள். பிறகு ரிசீவரைக் கையில் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் உரத்துச் சொன்னாள்:

"என்ரை தம்பியிலை ஒரு குறையும் இல்லை."